ரன்னே இல்லாத ஒன்பது இன்னிங்ஸ்: கோஷியெனில் ஹான்ஷின்–ஜயன்ட்ஸ் முன்பருவ ஆட்டம்

ஹான்ஷின் டைகர்ஸ் அணியும் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியும் மோதும் பேஸ்பால் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி, கோஷியென் மைதானத்தில் ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு ரன்னைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தால், கொடுத்த பணம் வீண் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். மார்ச் மாத முன்பருவ ஆட்டம் ஒன்றை அங்கே பார்த்த பிறகு, என் எண்ணம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஜப்பானியப் பேஸ்பால் எப்படி ஆடப்படுகிறது என்பதை அவசரமில்லாமல் கவனிக்க விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த பிற்பகல் எளிதில் வாய்க்காது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்த அந்த ஆட்டத்தையும், அது நடந்த மைதானத்தையும், பார்வையாளருக்கு அங்கே கிடைக்கும் வசதிகளையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

ஜப்பானின் பன்னிரண்டு தொழில்முறை அணிகளும் பிப்ரவரி முதல் தேதி பயிற்சி முகாம்களைத் தொடங்கி, அந்த மாதக் கடைசியிலிருந்து மார்ச் இறுதி வரை ஒன்றோடொன்று முன்பருவ ஆட்டங்களை ஆடுகின்றன. இவற்றின் முடிவு லீக் பட்டியலில் சேராது. இவற்றில் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து எடுத்த ஹோம் ரன்னும், கிரிக்கெட் விக்கெட்டுக்கு இணையான ஸ்டிரைக் அவுட்டும் எந்த வீரருடைய அதிகாரபூர்வக் கணக்கிலும் ஏறாது. பருவம் தொடங்கிய பிறகு சமநிலையில் நிற்கும் ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை நீளும். முன்பருவத்திலோ பொதுவாக ஒன்பதாவது இன்னிங்ஸோடு கதை முடிந்துவிடும். ஆகவே ரன் இல்லாமல் ஓர் ஆட்டம் முடிவதற்கு இங்கே வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதைச் சீட்டு வாங்கும்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு அணிகள் மோதும்போது மட்டும் முன்பருவம் என்ற சொல்லுக்கு அவ்வளவாக மதிப்பில்லை. ஜயன்ட்ஸ் 1934 டிசம்பரில் தொடங்கப்பட்டது. டைகர்ஸ் அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஒன்று டோக்கியோவின் செய்தித்தாள் நிறுவனத்துக்குச் சொந்தம். மற்றது ஒசாகாவையும் கோபேயையும் இணைக்கும் ரயில் நிறுவனத்தின் பிள்ளை. தலைநகருக்கும் கன்சாய் வட்டாரத்துக்கும் இடையிலான பழைய போட்டியெல்லாம் இந்த இரண்டு சீருடைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பேரரசர் ஷோவா முதன்முறையாக நேரில் வந்து பார்த்த தொழில்முறை ஆட்டம், 1959 ஜூன் 25 அன்று டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் இவ்விரு அணிகளுக்கும் இடையே நடந்ததுதான். ஹான்ஷினின் முராயாமா மினோரு வீசிய பந்தை ஜயன்ட்ஸின் நாகாஷிமா ஷிகெயோ ஹோம் ரன்னாக அடித்து அதை முடித்துவைத்தார். 1985 ஏப்ரல் 17 அன்று இதே கோஷியெனில், ஜயன்ட்ஸ் பந்துவீச்சை ஹான்ஷினின் ராண்டி பாஸ், காகெஃபு, ஒகாதா மூவரும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்து நொறுக்கியதை, அப்போது பிறந்திராத ரசிகர்களும் நேரில் கண்டதுபோல் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தப் போட்டியின் உண்மையான சுவை, என் பார்வையில், ரன் வற்றிப்போன ஆட்டங்களில்தான் இருக்கிறது. ஜப்பானியத் தொழில்முறைப் பேஸ்பாலின் முதல் நோ ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை, ஜயன்ட்ஸின் சவாமுரா எய்ஜி 1936 செப்டம்பரில் வீசினார். வீசிய இடம் கோஷியென், எதிரணி டைகர்ஸ். அதற்கு எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 மே 24 அன்று, ஜயன்ட்ஸின் தோகோ ஷோசெய் அதே மைதானத்தில் அதே அணிக்கு எதிராக இன்னொரு நோ ஹிட்டரை வீசினார். அன்றைய ஸ்கோர் 1-0. இந்த வரலாறு தெரிந்தவருக்கு, நான் பார்த்த ஆட்டத்தில் ஸ்கோர் பலகையில் வரிசையாக ஏறிய பூஜ்யங்கள் சலிப்பூட்டியிருக்காது.

மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது. ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியா நகரில் 1924 ஆகஸ்ட் முதல் தேதி திறக்கப்பட்ட கோஷியென், நூறு ஆண்டைக் கடந்த பிறகும், ஓட்டக்காரர்கள் தொட்டுச் செல்லும் நான்கு பேஸ்களைக் கொண்ட உள்வட்டம் முழுவதும் புல்லே இல்லாத கரிய மண்ணாகவே இருக்கிறது. பல நகரங்களின் மைதானங்கள் கூரைக்கும் செயற்கைப் புல்லுக்கும் மாறிவிட்ட காலத்தில், இங்கே வெளிவட்டத்தில் இயற்கைப் புல், தலைக்கு மேல் வானம். அந்த மண் ஒரே மண்ணும் அல்ல. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் கரிசல் மண்ணையும் மணலையும் கலந்து தயாரிக்கிறார்கள். மழை அதிகமுள்ள வசந்த காலத்தில் மணலைக் கூட்டியும், வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டிய கோடையில் கரிய மண்ணைக் கூட்டியும் விகிதத்தை மாற்றுகிறார்கள். ஆட்டங்கள் இல்லாத குளிர்காலத்தில் உள்வட்டத்தை ஆழமாகக் கிளறி, கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து, மழைநீரில் ஊறவிட்டு, பிறகு மெல்ல மெல்ல இறுக்குகிறார்கள். ஆக, மார்ச் மாத முன்பருவ ஆட்டத்தில் பந்து உருள்வது, புதிதாகப் பண்படுத்திய தரையின் மேல்.

இந்த வேலையைச் செய்கிற ஹான்ஷின் எங்கெய் என்ற நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஜப்பானில் வீரர்களுக்கு இணையான பெயர் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் அவர்கள் நீர் தெளிக்கும்போது, நீளமான ரப்பர் குழாய் மண்ணில் உரசிக் கோடு போட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பலர் வரிசையாக நின்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நகர்கிறார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அவர்கள் ஓடிவந்து, பேஸ்களைச் சுற்றிக் காலணிகள் தோண்டிய குழிகளை மூடி, மண்ணைச் சீவி, மட்டம் பார்த்து, மீண்டும் ஓடி மறைந்தபோது, அரங்கில் எழுந்த கைதட்டல் அதுவரை எந்த மட்டையாளருக்கும் கிடைத்திராத ஒன்று. நுழைவுச் சீட்டு விலையில் இந்தச் சில நிமிடங்களுக்கென்று ஒரு பங்கை நான் தாராளமாக ஒதுக்குவேன்.

மண்ணைப் போலவே காற்றும் பந்துவீச்சாளர் பக்கம்தான். எல்லைச் சுவர் இரு ஓரங்களிலும் 95 மீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து அது சட்டென்று விரிந்து, நடுப்பகுதியில் 118 மீட்டர் ஆகிறது. அருகிலுள்ள கடலிலிருந்து வீசும் காற்று வலப்புறத்திலிருந்து இடப்புறமாகத் தள்ளுவதால், இடக்கை மட்டையாளர் வலப்புறம் தூக்கி அடிக்கும் பந்து எல்லைக்கு முன்பே சோர்ந்து விழுவது இங்கே வழக்கம். வெளிவட்டத்தைச் சுருக்கி ஹோம் ரன்களைப் பெருக்குவதற்காக 1947-இல் உள்வேலி ஒன்றைக்கூட அமைத்திருந்தார்கள்; 1991 பருவம் முடிந்ததும் அதை அகற்றிவிட்டார்கள். நான் பார்த்த ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ஹான்ஷினின் இடக்கை மட்டையாளர் ஒருவர் அடித்த பந்து, மட்டையில் பட்ட சத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் ஹோம் ரன் என்றே நினைக்கத் தோன்றியிருக்கும். கூட்டம் எழுந்து நின்றது. வலப்புறக் காவலாளர் சுவர்வரை பின்வாங்கிச் சென்றார், பிறகு இரண்டு அடி முன்னே வந்தார், பந்தைப் பிடித்தார்.

இனி ஆட்டம். தொடக்கப் பந்துவீச்சாளர்கள் இருவரும் தத்தம் அணிக்கு நான்கு இன்னிங்ஸ் வீசிவிட்டு விலகினார்கள்; முன்பருவத்தில் கையைப் படிப்படியாகத்தான் பழக்குவார்கள் என்பதால் இது எதிர்பார்த்ததே. மூன்றாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட்டான நிலையில், இரண்டாவது பேஸில் ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு ஹான்ஷின் பந்துவீச்சாளர் ஜயன்ட்ஸ் மட்டையாளர் ஒருவருக்கு எதிராக நடத்திய போராட்டத்தை முன்வரிசைகளிலிருந்து துல்லியமாகக் காண முடிந்தது. முதல் இரண்டு பந்துகளும் வெளியோரத்தில் வேகப் பந்துகள், இரண்டையும் மட்டையாளர் கோட்டுக்கு வெளியே அடித்து ஃபவுலாக்கினார். அடுத்து மட்டைக்கு முன்னால் திடீரென்று அமுங்கும் ஃபோர்க் பந்து. மட்டையாளர் தோளை அசைத்துவிட்டு, கடைசி நொடியில் நிறுத்திக்கொண்டார். பந்து மண்ணில் குத்தி எழும்ப, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டு முழங்கால்களையும் தரையில் போட்டு நெஞ்சால் அதை மறித்தார். அது எல்லை மீறிப் பின்னால் ஓடியிருந்தால் ஓட்டக்காரர் மூன்றாவது பேஸுக்குப் போயிருப்பார். நடுவர் கறைபட்ட பந்தை வாங்கிக்கொண்டு புதிய பந்தைக் கொடுத்தார்; பந்துவீச்சாளர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், கேட்சரின் சைகையை ஒருமுறை மறுத்துத் தலையசைத்தார், பிறகு அதே ஃபோர்க் பந்தை மறுபடியும் வீசினார். இம்முறை மட்டை சுழன்றது. பந்து அதன் கீழே போனது. கேட்சர் மண்ணைப் பற்றி அஞ்சாதவர் என்பதால்தான், ஓட்டக்காரர் இருக்கும்போதே அந்தப் பந்தை இரண்டாம் முறையும் வீசும் துணிவு பந்துவீச்சாளருக்கு வந்தது. ஐந்து ரன், ஆறு ரன் என்று குவியும் ஆட்டத்தில் இப்படிப்பட்ட உறவைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

நடு இன்னிங்ஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறாவதில் ஹான்ஷின் வீரர்கள் இருவர் அவுட்டே இல்லாமல் பேஸ்களில் நின்றபோது, அடுத்து வந்த இளைஞர் பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் முயற்சியில் பந்தை நேராகக் கேட்சரின் காலடியிலேயே போட்டுவிட்டு, முன்னால் நின்றவரை மூன்றாவது பேஸில் அவுட்டாக்கிவிட்டார். தொடர்ந்து, ஒரே பந்தில் இருவர் அவுட்டாகும் டபுள் பிளே ஒன்றோடு அந்த வாய்ப்பும் கருகியது. பருவ ஆட்டத்தில் அனுபவசாலி ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலை அது. இதைக் குறையாகவே குறிப்பிடுகிறேன்: ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு புகழ்பெற்ற வீரர்களில் பெரும்பாலோர் வெளியே எடுக்கப்பட்டுவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கவென்றே வருகிறவர் முதல் பந்துக்கு முன்பே இருக்கையில் இருக்க வேண்டும்.

ஆட்டத்தின் உச்சம் எட்டாவது இன்னிங்ஸில் வந்தது. ஒரு அவுட், மூன்றாவது பேஸில் ஜயன்ட்ஸ் வீரர். இடப்புறம் உயர்ந்த பந்தைக் காவலாளர் ஓடிவந்து பிடித்த கணத்தில் மூன்றாவது பேஸிலிருந்தவர் ரன் எடுக்க ஹோம் பேஸை நோக்கிக் கிளம்பினார். எறியப்பட்ட பந்து தாழ்வாகப் பறந்து வந்து, கரிய மண்ணில் ஒரே ஒரு முறை பட்டு, சற்றும் விலகாமல் கேட்சரின் கையுறைக்குள் போய்ச் சேர்ந்தது. ஹோம் பேஸில் உடலோடு உடல் மோதுவதை 2016-இல் விதி தடை செய்துவிட்டதால், கேட்சர் ஓட்டக்காரருக்கு வழியை விட்டு நின்று, கையை மட்டும் நீட்டித் தொட வேண்டும், தொட்டார். அவுட் என்று நடுவரின் முஷ்டி உயர்ந்தது. குளிர்காலம் முழுவதும் அந்த மண்ணைக் கிளறி, ஊறவைத்து, இறுக்கியவர்களின் உழைப்பு அந்த ஒரு துள்ளலில் தெரிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தரையில் சிறு குழி ஒன்று இருந்திருந்தால் ஆட்டம் 1-0 என்று முடிந்திருக்கும்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் முதுகில் மூன்று இலக்க எண் அணிந்த வீரர் ஒருவர் மட்டை பிடிக்க வந்தார். வளர்நிலை வீரர் என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி எண் கொடுப்பார்கள். 2005-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின்படி, இரண்டு இலக்க எண்ணோடு முறையான ஒப்பந்தம் கிடைக்கும்வரை அவர்கள் முதல் அணியின் பருவ ஆட்டங்களில் ஆட முடியாது. முன்பருவத்தில் மட்டும் ஆடலாம். அதாவது, முடிவு யார் கணக்கிலும் ஏறாத இந்த ஆட்டத்தில், அவருடைய ஒவ்வொரு அசைவும் அவரது பிழைப்பையே தீர்மானிக்கக்கூடியது. இந்த வாசல் வழியாக நுழைந்துதான் காய் தகுயா சாஃப்ட்பேங்க் அணியின் முதன்மைக் கேட்சராக உயர்ந்து, 2025-இல் ஜயன்ட்ஸுக்கு வந்தார். நான் பார்த்த இளைஞர் எட்டுப் பந்துகளை எதிர்கொண்டு, கடைசியில் இரண்டாவது பேஸ் பக்கம் உருட்டி அவுட் ஆனார். அவுட் என்பது உறுதியான பிறகும் முதல் பேஸைத் தாண்டும்வரை வேகத்தைக் குறைக்காமல் அவர் ஓடியதற்கு, இரண்டு அணி ரசிகர்களும் கைதட்டினார்கள்.

இவ்வளவு பூஜ்யங்களுக்கும் முன்பருவத் தளர்வு ஒன்றே காரணம் என்று தள்ளிவிட முடியாது. மார்ச் தொடக்கத்தில் மட்டையாளர்களின் கண்ணும் கையும் வேகப் பந்துக்கு இன்னும் பழகியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அண்மை ஆண்டுகளில் ஜப்பானியப் பேஸ்பால் முழுவதிலுமே பந்துவீச்சின் கை ஓங்கியிருக்கிறது. 2024 பருவத்தில் இரண்டு லீக்குகளிலும் சேர்த்து, போதிய அளவு ஆடியவர்களில், மட்டைச் சராசரி .300-ஐ, அதாவது பத்து முயற்சிக்கு மூன்று ஹிட் என்ற அளவை, தொட்டவர்கள் மூவர்தான். ஹான்ஷினின் முராகாமி ஷோகி 2023 ஏப்ரலில் டோக்கியோ டோமில் ஜயன்ட்ஸ் வீரர் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாமல் ஏழு இன்னிங்ஸ் வீசி, 84 பந்துகளோடு மாற்றப்பட்டதும், அந்த ஆண்டே அவர் சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் என்ற இரு விருதுகளையும் பெற்றதும் இந்தப் போக்கின் அடையாளங்கள். அந்த வகையில் அன்றைய ஆட்டம் வரப்போகும் பருவத்தின் சரியான மாதிரி.

வசதிகளுக்கு வருவோம். ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஹான்ஷின் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் கோஷியென் நிலையம்; அங்கிருந்து மைதானம் சில நிமிட நடை. சீட்டுதான் உண்மையான சிக்கல். ஹான்ஷினின் சொந்த ஆட்டங்களுக்கு 2024-இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். பருவம் தொடங்கிவிட்டால், ஜயன்ட்ஸுடனான வார இறுதி ஆட்டத்துக்கு நல்ல இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பருவத்தில் வேலை நாளைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி பெரிதும் குறையும். இடைத்தரகு தளங்கள் சில இதே சீட்டை அதிக விலைக்கு விற்கின்றன. அணியின் சொந்த விற்பனையைத் தேடிப் போவதே நல்லது.

இருக்கையைப் பொறுத்தவரை, வெள்ளிக் குடை என்று அழைக்கப்படும் கூரையின் கீழ், ஹோம் பேஸுக்குப் பின்னால் உள்ள பசுமை இருக்கைகளின் மேல்வரிசைகளையே பரிந்துரைப்பேன். பந்து வளைவதும் அமுங்குவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையிலுள்ள ஆல்ப்ஸ் அரங்குகளில் வெயிலும் மழையும் நேராக விழும். கூரையை அதுவரை நீட்டிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வலப்புற வெளிவட்டம் ஹான்ஷின் ரசிகர்களின் கோட்டை; ஜயன்ட்ஸ் சீருடையோடு வருகிறவர்கள் இடப்புற வெளிவட்டத்தில் அவர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்வதே முறை. எங்கே அமர்ந்தாலும் இருக்கைகள் குறுகலானவை; தோளில் பெரிய பையோடு போகிறவர் சிரமப்படுவார். ஆட்டம் பிற்பகலில் நடந்தாலும், வெயில் சாய்ந்த பிறகு மார்ச் மாதக் காற்று எலும்பைத் துளைக்கும், ஆகவே தடித்த மேலங்கி கட்டாயம். டப்பாவிலும் கண்ணாடிப் புட்டியிலும் அடைத்த பானங்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோகலாம்.

சாப்பாட்டில் கோஷியென் கறிச் சோற்றைத் தவறவிடக் கூடாது. மைதானம் திறந்த 1924-இலிருந்தே அது இங்கே விற்கப்படுகிறது. கெட்டியான பழுப்புக் குழம்பு, லேசான இனிப்பு, காரம் பெயருக்குத்தான். நம் நாக்கு மிளகைத் தேடும். ஆனாலும் குளிர்ந்த விரல்களால் சூடான தட்டைப் பிடித்துக்கொண்டு, பந்துகளுக்கு இடையில் ஒவ்வொரு கரண்டியாகச் சாப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான உணவு அங்கே இல்லை. முதுகில் பீர்க்கலனைச் சுமந்துகொண்டு படிகளில் ஏறி இறங்கும் இளம்பெண்களின் உற்சாகம், கூட்டம் குறைந்த முன்பருவ நாளிலும் குன்றவில்லை.

மொழி தெரியாதவருக்கு ஒரு தடை உண்டு. கரிய பின்புலத்தில் வெண்ணிற எழுத்துகளில் ஒளிரும் ஸ்கோர் பலகை அழகானது, ஆனால் வீரர்களின் பெயர்கள் அதில் சீன எழுத்துகளில்தான் வருகின்றன. முன்பருவத்திலோ இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் ஆட்கள் மாறுகிறார்கள். இரு அணிகளின் வீரர் பட்டியலையும் சீருடை எண்களோடு கைப்பேசியில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால், யார் வந்தார், யார் போனார் என்பதைத் தவறவிடாமல் தொடரலாம்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் தாமதிக்க வேண்டாம். மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளிகளின் வசந்தகாலப் போட்டிக்காக மைதானம் மாணவர்களிடம் போய்விடும். ஹான்ஷின் தன் மீதி முன்பருவ ஆட்டங்களை ஒசாகாவில் உள்ள கூரையிட்ட கியோசெரா டோமுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே குளிர் இல்லை, மழை இல்லை. காற்றும் கரிய மண்ணும்கூட இல்லை. இங்கே நான் விவரித்ததைப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்ச் முதல் இரண்டு வாரங்களுக்குள் கோஷியெனுக்கே போக வேண்டும்.